மச்சினன் இல்லாமல் மேலே ஏறியவள்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

சேவியர் எழுதுகிறேன். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. எழுத என்ன இருந்தது? காலையில் டீக்கடையில் பார்ப்போம், மத்தியானம் வேலைத்தளத்தில் சண்டை போடுவோம், சாயங்காலம் மறுபடியும் அதே டீக்கடையில் வந்து நிற்போம். நீங்கள் போன பிறகு சொல்ல நினைத்ததெல்லாம் எனக்குள்ளேயே கிடக்கிறது. அதிலும் போன வாரம் நடந்ததை உங்களிடம் சொல்லாமல் நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நம்ம தூத்துக்குடியில் கட்டுமானக் கண்காட்சி நடந்தது அத்தான். பெரிய மைதானத்தில் பந்தல் போட்டு, அந்தப் பந்தலுக்குள் ஏசியும் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு எதுக்குலே ஏசி என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. வெளியே உப்புக்காற்று முகத்தில் ஒட்டுகிறது, உள்ளே போனால் குளிரில் பல் கிட்டுகிறது. ஊரில் உள்ள இன்ஜினியர்கள், கொத்தனார்கள், டைல்ஸ் கடை அண்ணாச்சிகள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

வாசலிலேயே ஒரு இயந்திரம் சுவர் பிழிந்துகொண்டிருந்தது. ஆமாம், பிழிந்துகொண்டுதான் இருந்தது. முறுக்கு பிழிகிற மாதிரி கலவையை வரி வரியாக விட்டுக்கொண்டே சுற்றி வருகிறது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் சுவர் நிற்கிறது. கொத்தனார் இல்லை, சித்தாள் இல்லை, ‘ஏலே, கலவைய எங்கலே?’ என்ற சத்தமும் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற கொத்தனார் ஒருவர், “இதுக்கு ஞாயித்துக்கிழமை லீவு உண்டா அண்ணாச்சி?” என்று கேட்டார். ஸ்டால்காரருக்குச் சிரிப்பதா பதில் சொல்வதா என்று தெரியவில்லை.

துருப்பிடிக்காத கம்பி ஒன்றும் வந்திருக்கிறது. அதில் இரும்பே இல்லை, கண்ணாடி நாரில் செய்கிறார்களாம். நம்ம ஊர்க் காற்றில் கம்பி துருவேறி, வீங்கி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வருவதைப் பார்த்துப் பார்த்து நொந்த மனுஷன் நீங்கள். ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன், சுள்ளி மாதிரி லேசாக இருந்தது. அந்த நிமிஷம் நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று துக்கமாக இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் வளைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்துகூடப் பார்த்திருப்பீர்கள்.

அப்புறம் மேடையில் ஒருவர் வருங்காலத்தைப் பற்றிப் பேசினார். சுவர் எல்லாம் தொழிற்சாலையிலேயே தயாராகி லாரியில் வந்து இறங்கும், உயரத்தில் டிரோன் பறந்து பெயிண்ட் அடிக்கும், இன்னும் கொஞ்ச வருஷத்தில் சாரம் கட்டுகிற வேலையே இருக்காது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். பாதி தட்டும்போதுதான் அவர் சொன்னது நம்ம பிழைப்பை என்று எனக்கு உறைத்தது. தட்டிய கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காக உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடற்கரையில் முத்துக் குளித்த காலத்திலும், பிறகு சங்கு குளித்த காலத்திலும் ஒரு வழக்கம் இருந்தது. குளிக்கிறவன் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். வள்ளத்தில் நின்று அந்தக் கயிற்றைப் பிடிக்கிறவன் அவனுடைய மச்சினனாக, அதாவது பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும். கீழே போனவன் திரும்பி வராவிட்டால் தாலியறுக்கப்போவது தன் அக்காவோ தங்கையோதான் என்பதால் அவன் கயிற்றை விடமாட்டான் என்று நம்பினார்கள்.

புன்னைக்காயலில் இருந்து நீங்கள் சங்கு குளிக்கப் போன வருஷங்களில் உங்கள் கயிறு என் கையில்தான் இருந்தது. காதில் ரத்தம் வந்து, டாக்டர் திட்டி, கடலை விட்டு இந்தச் சாரத் தொழிலுக்கு வந்தீர்கள். கடலைத்தான் விட்டீர்கள், கடல் வழக்கத்தை விடவில்லை. சாரத்தில் ஏறி வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒவ்வொருவனுக்கும் இடுப்பில் ஒரு கயிறு கட்டினீர்கள். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க அவனவன் மச்சினன் வர வேண்டும் என்றீர்கள்.

வேலை கேட்டு வந்தவனிடம் என்ன தெரியும் என்று நீங்கள் கேட்டதே இல்லை. “மச்சினன் உண்டாலே?” என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால் கீழே நின்று வாளி தூக்கலாம், கல்யாணம் ஆகாதவனுக்கும் வாளிதான். மேலே ஏறினால் கூலி கூட என்பதால் அவசர அவசரமாகப் பெண் பார்க்கப் போனவர்களை எனக்குத் தெரியும். பெண்ணுக்கு அண்ணன் தம்பி உண்டா என்று விசாரித்த பிறகுதான் பெண்ணின் பேரையே கேட்பார்கள்.

மச்சினனோடு மனத்தாங்கல் என்றால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் வேலை கிடையாது. அப்படி முறைத்துக்கொண்டு வந்த இருவரை உட்கார வைத்து ஒரே இலையில் புரோட்டா தின்ன வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? சால்னா தீர்ந்ததும் அவர்கள் அதற்கு ஒரு சண்டை போட்டார்கள். நீங்கள் சிரித்த சிரிப்பில் புரோட்டா மாஸ்டர் கல்லை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

இத்தனைக்கும் உங்களைக் கொண்டுபோனது கடலும் இல்லை, உயரமும் இல்லை. வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தபோது வந்த நெஞ்சுவலி. அதற்குப் பிடிக்க ஒரு கயிறு இருந்திருந்தால் நான் விட்டிருப்பேனா அத்தான்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் ஷைனி சிவில் படித்து முடித்ததை நீங்கள் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். அப்புறம் அவள் சென்னைக்குப் போய் ஒரு பயிற்சி எடுத்தாள். சாரமே கட்டாமல், மேலே இருந்து இரண்டு கயிற்றில் இறங்கி வேலை செய்கிற பயிற்சி அது. கண்ணாடிக் கட்டடம், புகைபோக்கி, துறைமுகத்தில் நிற்கிற பெரிய பெரிய கிடங்குகள் எல்லாவற்றையும் இப்போது அப்படித்தான் சோதித்துப் பழுது பார்க்கிறார்கள். அப்படி ஒரு கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்துவிட்டு, கண்காட்சி முடிவதற்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தது.

பயிற்சி என்றபோது வகுப்பில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று நினைத்துத்தான் அவள் அம்மா, என் புஷ்பம் அக்கா, அனுப்பியிருந்தாள். வேலை இன்னதென்று தெரிந்ததும் வீட்டில் பூகம்பம். நான் போனபோது குசினியில் பாத்திரங்கள் எல்லாம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன.

“கல்யாணம் ஆகாதவன் ஏறக்கூடாது, மச்சினன் இல்லாதவன் ஏறக்கூடாது. இதுதான உங்க அப்பா சட்டம்? ஒனக்கு ரெண்டும் கெடையாது. ஆம்பளப் பயலுவளையே விடாத மனுசன், ஒன்ன விட்டிருப்பாவளா?”

“அப்பா இருந்தா விட்டிருப்பாவம்மா.”

“அவிய இல்லல்லா. நாந்தான இருக்கேன். நான் விடமாட்டேன்.”

அதற்கு மேல் ஷைனி வாதாடவில்லை. வாசல்வரை என்னோடு வந்தாள். “அம்மா வேண்டாம்னா நான் போவல மாமா. ஆனா ஒருவாட்டி வந்து பாத்துட்டு வேண்டாம்னு சொல்லட்டும். பாக்காமலே சொல்லுதாவளே, அதுதான் கஷ்டமா இருக்கு” என்றாள். கண்காட்சியில் அந்தக் கம்பெனி ஸ்டாலில் அவள்தான் இறங்கிக் காட்டப்போகிறாளாம். அம்மாவை எப்படியாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்லி என் தலையில் கட்டிவிட்டாள்.

நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். ஷைனி பேசும்போது ஷைனி பக்கம், அக்கா அழும்போது அக்கா பக்கம். இரண்டு பேரும் பேசாமல் இருக்கும்போது எனக்கே என் பக்கம் எதுவென்று தெரியவில்லை.

குசினிக் கூரை மழைக்கு ஒழுகுகிறது அல்லவா? “அதுக்குன்னு ஒரு பெயிண்டு வந்திருக்காம்க்கா, வா, பாத்துட்டு வருவோம்” என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். அது பொய்யும் இல்லை, அப்படி ஒரு பெயிண்ட் நிஜமாகவே இருந்தது. அக்கா அந்த ஸ்டால்காரரை ஒரு வழி பண்ணிவிட்டாள். வெயிலில் வெடிக்குமா, பாசி பிடிக்குமா, வடகம் காயப்போட்டால் ஒட்டுமா என்று வரிசையாகக் கேட்டாள். கடைசிக் கேள்விக்கு அவர் மேனேஜரைக் கூப்பிட்டார்.

அடுத்த இடத்தில் கண்ணை மூடுகிற மாதிரி ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். இன்னும் கட்டாத வீட்டுக்குள் அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். அக்கா கையை முன்னால் நீட்டிக்கொண்டு நாலடி நடந்து, “குசினி எங்க இருக்கு?” என்றாள். வலது பக்கம் திரும்பச் சொன்னார்கள். திரும்பியவள், “இம்புட்டுதானா? கிரைண்டர எங்க வைக்க?” என்று கேட்டுவிட்டு கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். நீங்கள் போன பிறகு அவள் அவ்வளவு கலகலப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவளைப் பின்பக்க மைதானத்துக்குக் கூட்டிப்போக எனக்குக் கால் வரவில்லை.

அங்கே இரும்புக் குழாயில் ஒரு கோபுரம் நிறுத்தி, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் பதித்திருந்தார்கள். நாலு மாடி உயரம் இருக்கும். அடியில் ஷைனி ஹெல்மெட்டும் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு நின்றாள். அக்கா அவளைப் பார்த்தாள், கோபுரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பெயிண்டு பாக்கவால என்னக் கூட்டியாந்த?”

அந்தப் பார்வையை நீங்கள் எத்தனையோ தடவை வாங்கியிருக்கிறீர்கள், நான் விவரிக்க வேண்டியதில்லை.

ஸ்டாலைப் பார்த்துக்கொண்டவர் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர், தன்மையான பையன். அக்காதான் ஷைனியின் அம்மா என்று தெரிந்ததும் நாற்காலி கொண்டுவந்து போட்டார். “ரெண்டு கயிறுங்கம்மா. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு பாதுகாப்புக்கு. இந்தக் கருவி ரெண்டாவது கயித்துல கூடவே வருமுங்க. ஆளு சடார்னு விழுந்தா அப்படியே கடிச்சுப் புடிச்சுக்கும்” என்றார். ஒரு மணல் மூட்டையை அதில் மாட்டி மேலே இருந்து விட்டுக் காட்டினார். மூட்டை விழுந்த வேகத்தில் டக்கென்று நின்றது.

“இன்னொருக்கா விடுங்க” என்றாள் அக்கா. விட்டார், நின்றது. மறுபடியும் விடச் சொன்னாள். மறுபடியும் நின்றது.

“நல்லாத்தான் பிடிக்கு தம்பி. ஆனா இது ஏன் பிடிக்கு?”

“உள்ள ஸ்பிரிங் இருக்குங்கம்மா...”

“அதக் கேக்கல. எங்க கரையில கயித்தப் பிடிக்கவனுக்கு ஒரு அக்கா இருப்பா, இல்ல தங்கச்சி இருப்பா. இவன் விட்டா அவ தாலி போயிரும். அதுக்காவத்தான் பிடிப்பான். இந்த மிசினுக்கு யாரு இருக்கா?”

அந்தத் தம்பி சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. “மெசினுக்கு யாரும் இல்லீங்கம்மா. அதுக்குத்தான் கீழ ஒரு ஆளும் நிக்கோணும்னு வெச்சிருக்கோம். கயித்தோட அடி நுனி அவங்க கையில இருக்கும். இறுக்கிப் புடிச்சா மேல இருக்கறவங்க அங்கேயே நின்னுக்குவாங்க” என்று சொல்லி, ஷைனிக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டினார்.

அவள் பேர் மானசி. ஒடிசாவிலிருந்து வந்தவள், ஷைனி வயதுதான் இருக்கும். ஷைனியோடு சேர்ந்து பயிற்சி எடுத்தவள், அவளுக்கும் இந்தக் கம்பெனியில்தான் வேலை. இரண்டு பேரையும் ஒரு ஜோடியாகப் போடப்போகிறார்களாம். தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறிப் பேசுகிறாள்.

அக்கா எழுந்து போய் அவள் முன்னால் நின்று, “உனக்கு அண்ணன் இருக்கானாம்மா? கல்யாணம் ஆகாத அண்ணன்?” என்று கேட்டாள்.

எனக்கு ஒரு நொடியில் கணக்குப் புரிந்துவிட்டது அத்தான். அந்த அண்ணனுக்கு ஷைனியைக் கட்டிக்கொடுத்தால் மானசி நாத்தனார் ஆகிவிடுவாள். ஷைனிக்கு ஒன்று என்றால் இவள் அண்ணன் வாழ்க்கைதான் போகும், அப்புறம் கயிற்றை விடுவாளா? நீங்கள் போட்ட சட்டத்தைப் பெண்பிள்ளைக்குப் பொருத்த அக்கா அந்த இடத்தில் நின்று வழி தேடியிருக்கிறாள். “அம்மா!” என்று ஷைனி பல்லைக் கடித்தாள்.

“அண்ணன் இல்லை ஆன்ட்டி. ஒரு தங்கச்சி மட்டும்” என்றாள் மானசி.

அக்காவின் முகம் நிஜமாகவே வாடிப்போனது. “அப்ப எம் பிள்ள கயித்த நீ எதுக்காவப் பிடிப்ப?”

மானசிக்குக் கேள்வி முழுதாகப் புரியவில்லை. ஷைனி இந்தியில் சொன்னாள். அவள் கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். “இப்போ ஷைனி மேல. கயிறு என் கையில. அப்புறம் நான் மேல. கயிறு ஷைனி கையில.”

நம்ம வள்ளத்தில் அப்படி இல்லையே அத்தான். நீங்கள் இறங்குவீர்கள், நான் பிடிப்பேன், நான் ஒரு நாளும் இறங்கியதில்லை. உங்கள் உயிர் என் கையில் இருந்தது, என் உயிர் உங்கள் கையில் இருந்ததே இல்லை. அதற்காகத்தான் அக்காவை நடுவில் வைத்துக் கட்டினார்களோ? முன்னோர்கள் என் மாதிரி ஆட்களை நம்பவில்லையோ?

அக்கா போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கோபுரத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஷைனி ஏணி வழியாக ஏறினாள். அக்கா திரும்பவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே என்ன நடக்கிறது என்று என் முகத்தில் படித்துக்கொள்ளப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் மகள் இறங்கின அழகைச் சொல்லவா? கண்ணாடியில் கால் ஊன்றி, பதறாமல், அவசரப்படாமல், நீங்கள் சாரத்தில் நடக்கிற மாதிரியே இறங்கினாள். நடுவில் நின்று கண்ணாடியின் ஓரங்களைத் தட்டிச் சோதித்துக் காட்டினாள். அப்புறம் இரண்டு கையையும் விட்டுவிட்டுச் சும்மா தொங்கினாள். கூட்டம் கை தட்டியது.

“எறங்கிட்டாளா?”

“எறங்கிட்டாக்கா.”

அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள். ஷைனி ஓடி வந்தாள். அக்கா முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள். “ஏளா, நல்லாத்தான் செய்த. நான் இல்லன்னு சொல்லல. ஆனா வேண்டாம்” என்றாள்.

ஷைனி தலையை மட்டும் ஆட்டினாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அக்கா பையை எடுத்துக்கொண்டு, “வா, பெயிண்ட வாங்கிட்டு வீட்டப் பாத்துப் போவோம்” என்று நடக்க ஆரம்பித்தாள். எல்லாம் முடிந்துபோயிற்று என்றுதான் நான் நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பாதி நிம்மதியாகவும் பாதி அழுகையாகவும் இருந்தது.

அந்த நேரம் மானசி பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தாள். அடுத்தது அவள் முறை. கயிற்றைப் பிடிக்கப் போன ஷைனியிடம் அக்கா போகிற போக்கில், “இவ அம்மா எங்க இருக்கா?” என்று கேட்டாள்.

“ஊர்ல இருக்காவ. கம்ப்யூட்டர் வேலைன்னுதான் இவ சொல்லி வச்சிருக்கா. அவியளுக்கு இது தெரியாதும்மா.”

அக்கா நின்றுவிட்டாள். “தெரியாதா? இவ இங்கன இம்புட்டு ஒசரத்துல ஏறுதா, பெத்தவளுக்குத் தெரியாதா?”

பையை என் கையில் திணித்தாள், செருப்பைக் கழற்றினாள். ஷைனிக்குப் பின்னால் போய் நின்று, ஷைனி பிடித்திருந்த கயிற்றைத் தானும் பிடித்தாள். கோயம்புத்தூர்த் தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஜோடிக் கையுறையைக் கொண்டுவந்து அக்காவிடம் கொடுத்தார்.

இந்தத் தடவை அவள் முதுகு காட்டவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மானசி பாதி தூரம் இறங்கியபோது கடற்பக்கமிருந்து காற்று ஒன்று வந்து அடித்தது. பந்தல் துணியெல்லாம் படபடத்தது, மானசி கண்ணாடியை விட்டு விலகி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஷைனி கயிற்றை இறுக்கினாள். அக்காவும் குதிகாலை மண்ணில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள்.

“ஏளா, விட்டுராத!”

“விடலம்மா.”

மேலே மானசி அசையாமல் நின்றாள். காற்று அடங்கியதும் ஷைனி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள், மானசி இறங்கி வந்து மண்ணில் கால் வைத்தாள். அவள் சிரித்துக்கொண்டுதான் வந்தாள், இதெல்லாம் அவளுக்குப் பழகினது போல. அக்காதான் வேர்த்து விறுவிறுத்து நின்றாள்.

“ஒங்க அம்மாவுக்குப் போன் போடு” என்றாள் அவளிடம்.

மானசி பயந்துபோய் ஷைனியைப் பார்த்தாள். “போடு. மொகம் தெரியுத மாதிரிப் போடு. நான் பேசுதேன்.” அக்கா ஒன்றை முடிவு பண்ணினால் யார் தடுக்க? அந்தப் பெண் போட்டாள். முக்காடு போட்ட ஒரு அம்மா திரையில் வந்தாள். மகளை ஹெல்மெட்டோடு பார்த்ததும் அந்த அம்மாவின் குரல் உயர்ந்தது. மானசி ஏதோ சொன்னாள், அந்த அம்மா அழ ஆரம்பித்தாள். மகளும் அழுதாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை, ஆனால் சில நாளுக்கு முன்னால் நம்ம குசினியில் நடந்த அதே சண்டை என்று எனக்குத் தெரிந்தது.

அக்கா போனை வாங்கிக்கொண்டாள். “அழாதம்மா. இங்கன பாரு. ரெண்டு கயிறு இருக்கு. ஒண்ணு வேலைக்கு, ஒண்ணு பாதுகாப்புக்கு. விழுந்தா கடிச்சுப் பிடிக்கிற மிசின் இருக்கு, நானே திரும்பத் திரும்ப விட்டுப் பாத்துட்டேன். கீழயும் ஆளு நிக்கும்.” எல்லாம் தமிழில்தான். போனைத் திருப்பிக் கருவியைக் காட்டினாள், கயிற்றைக் காட்டினாள், தன் கையுறையையும் காட்டினாள். கோயம்புத்தூர்த் தம்பி வாயைத் திறந்தபடி நின்றார், அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அக்கா விடவில்லை.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். மானசி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள். “ஆன்ட்டிக்குப் பொண்ணு இருக்கா, அந்தப் பொண்ணும் இந்த மாதிரி ஏறுதான்னு கேக்குது.”

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ஷைனியின் கை அப்படியே நின்றது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். அக்கா ஷைனியைப் பார்த்தாள்.

“ஆமா. எம் பொண்ணும் ஏறுதா” என்றாள் போனைப் பார்த்து. “ஒம் பொண்ணு கயித்த அவதான் பிடிக்கா.”

மானசி அதை அவள் பாஷையில் சொன்னாள். அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பினாள். அக்காவுக்குக் கையில் போன் இருந்ததால் கூப்ப முடியவில்லை. தலையை மட்டும் திரும்பத் திரும்ப ஆட்டினாள், கண்ணீர் அது பாட்டுக்கு வடிந்தது. ஷைனி கயிற்றைப் போட்டுவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

நீங்கள் இருந்திருந்தால் விட்டிருப்பீர்களா அத்தான்? ஷைனி ஆமாம் என்கிறாள், அக்கா இல்லை என்கிறாள். நான் இரண்டு பேரிடமும் ஆமாம் சொல்லிவைத்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் அன்றைக்குக் கயிற்றைப் பிடித்த கை யாருடையதாக இருந்திருக்கும் என்று மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

சாரம் போய்விடும் என்று மேடையில் சொன்னாரே, போனால் போகட்டும். ஆள் ஏறுகிறவரை கீழே ஒரு ஆள் நிற்க வேண்டியிருக்கும். நம்ம ஆட்களுக்கும் அந்த இரண்டாவது கயிற்றையும் கருவியையும் வாங்க ஏற்பாடு பண்ணிவிட்டேன். பயிற்சி கொடுக்க ஷைனியும் மானசியும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வருகிறார்கள். மானசிக்கு மதியச் சாப்பாடு நம்ம வீட்டில்தான் என்று அக்கா சொல்லிவிட்டாள். மீன்குழம்பில் காரத்தைக் குறைக்கமாட்டாளாம், அந்தப் பெண்தான் பழகிக்கொள்ள வேண்டுமாம்.

உங்களிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள், உங்கள் சட்டத்தை மாற்றப்போகிறேன். இனி வேலை கேட்டு வருகிறவனிடம் மச்சினன் உண்டா என்று கேட்கமாட்டேன். கல்யாணம் ஆகாதவனும் ஏறலாம், ஆனால் இன்னொருவன் கயிற்றைப் பிடிக்காதவன் ஏறக்கூடாது. ஏறாதவன் பிடிக்கவும் கூடாது. அப்படியானால் முதலில் நான்தான் ஏற வேண்டும். இந்த வயதில் எனக்கு நன்றாக நடுங்கும், கீழே நின்று அக்கா சிரிப்பாள். இருந்தாலும் ஏறுவேன் அத்தான், கயிற்றை உங்கள் மகள் கையில் கொடுத்துவிட்டு ஏறுவேன்.

உங்கள் பெண்டாட்டியோடு பிறந்தவன்,
உங்கள் மச்சினன்
சேவியர்